டெல்டாவில் ஆக்‌ஷன் ஃபிகர் சேகரிப்பும் விமர்சனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைவு, சூப்பர் ஹீரோ ஃபிகர்கள் சேர்ப்பதில் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பராமரிப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்துச் சொன்னவை. ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் ஓதம் ஏறும் வீட்டுக்கும், சித்திரையில் ஓட்டுக்கூரைக்கு அடியில் வேகும் பரணுக்கும் அவை ஒத்துவராது. அதனால் பராமரிப்புக்கு இங்கே இடம் அதிகம்.

ஆக்‌ஷன் ஃபிகர் என்றால் எது? சாதாரண பொம்மைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கை, கால், தலை அசைய வேண்டும். அசைத்து வைத்த நிலையில் அப்படியே நிற்கவும் வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது ஆக்‌ஷன் ஃபிகர் அல்ல. ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரையே 1964-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் தன் 12 அங்குல ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் பொம்மையை விற்பதற்காகத்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1978-ல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பாத்திரங்களை 3¾ அங்குலத்தில் கொண்டுவந்த பிறகு, சிறிய அளவும் விண்கலங்களோடு சேர்த்து விளையாடும் வழக்கமும் பரவின. அந்தக் கென்னர் ஃபிகர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து, இரு தோள், இரு இடுப்பு என ஐந்தே மூட்டுகள். இன்றைய 6 அங்குல ஃபிகரில் முப்பதைத் தாண்டுவது சாதாரணம்.

அளவுகள் குழப்புகின்றன. எதில் தொடங்குவது?

ஆறடி (183 செ.மீ.) உயரமுள்ள ஒரு பாத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 1:18 என்றால் சுமார் 10 செ.மீ., 1:12 என்றால் 15 செ.மீ., 1:10 என்றால் 18 செ.மீ., 1:6 என்றால் 30 செ.மீ. பெட்டியில் ‘6 அங்குலம்’ என்று போட்டிருப்பது வரிசையின் பெயர்தானே தவிர, அந்த ஃபிகரின் உயரம் அல்ல. குள்ளமான பாத்திரம் 11 செ.மீ. இருக்கலாம், ராட்சதப் பாத்திரம் 20 செ.மீ.யைத் தொடலாம்.

தொடங்குகிறவர்களுக்கு 1:12-ஐத்தான் சொல்வோம். வரிசைகள் அதிகம், உதிரிக் கைகளும் ஸ்டாண்டும் எளிதாகக் கிடைக்கும், இடமும் குறைவாகப் பிடிக்கும். இரண்டரை அடி நீளத் தட்டில் நேராக நிறுத்தினால் பத்து ஃபிகர் அடங்கும். கையை வீசி, காலை அகட்டி நிறுத்தினால் ஆறுதான். தட்டின் ஆழம் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கடப்பைக்கல் தட்டு என்றால் அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் விரியுங்கள். கல்லில் தலைகுப்புற விழும் ஃபிகர் பெரும்பாலும் மணிக்கட்டிலோ கணுக்காலிலோதான் உடைகிறது.

1:12-ஐயும் 1:10-ஐயும் ஒரே தட்டில் கலக்காதீர்கள். 1:10 அளவான மெக்ஃபார்லேன் நிறுவனத்தின் 7 அங்குல டிசி ஃபிகரை 6 அங்குல மார்வெல் லெஜண்ட்ஸ் ஃபிகர் பக்கத்தில் வைத்தால் இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்து நிற்கும். தலையளவிலும் அந்த வித்தியாசம் தெரியும், பிறகு எப்போது பார்த்தாலும் கண்ணை உறுத்தும்.

எந்த வரிசை எப்படி?

மார்வெல் லெஜண்ட்ஸ் 2002-ல் டாய் பிஸ் நிறுவனம் தொடங்கியது; 2007 முதல் ஹாஸ்ப்ரோ கையில் இருக்கிறது. விலைக்கு ஏற்ற மூட்டுகள், பரந்த பாத்திரப் பட்டியல். ஒரே உடல் அச்சைப் பல பாத்திரங்களுக்குப் பயன்படுத்துவது இதன் பலவீனம். சில தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெரிய ஃபிகரின் கையோ காலோ இருக்கும். எல்லாப் பெட்டியும் வாங்கினால்தான் அது முழுமையாகும். இங்கே ஒரு தொகுதி முழுதாக வந்து சேர்வது அரிது. ஆகவே அந்தத் துண்டுக்காகப் பிடிக்காத ஃபிகரை வாங்காதீர்கள்.

ஸ்டார் வார்ஸ் பிளாக் சீரிஸ் 2013-ல் வந்தது, அதே 6 அங்குலம். கவசமணிந்த பாத்திரங்கள் இதில் சிறப்பாக வருகின்றன, துணி உடுத்தவை அவ்வளவு சோபிப்பதில்லை. மெக்ஃபார்லேனின் டிசி வரிசை 2020-ல் தொடங்கியது. செதுக்கு வேலை நுணுக்கமானது. மூட்டுகள் முறுக்காக இருப்பதால் நம் ஊர் வெயிலிலும் தொய்வது குறைவு. மாற்றுக் கைகள் கொடுப்பதில் மட்டும் கஞ்சத்தனம்.

பண்டாயின் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸும் மெடிகாமின் மாஃபெக்ஸும் ஜப்பானிய நிறுவனங்களின் வரிசைகள். பல ஜோடிக் கைகள், மாற்று முகங்கள், மிக நளினமான அசைவு. அந்த நளினத்துக்கு விலையாக மூட்டுகள் மெல்லியவை. சிறு பிள்ளைகள் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்களின் 1:6 ஃபிகர்களைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் ஜாக்கெட், பூட்ஸ், பெல்ட் பலவும் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளையே அறுக்கிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு மடிப்புகளில் வெடிக்கும், கடைசியில் செதில் செதிலாக உதிரும். உலர்ந்த ஊரில் பல ஆண்டு தாங்குவது இங்கே சீக்கிரமே போய்விடும். பெரிய தொகை போடுவதானால் துணி உடையோ கடினக் கவசமோ உள்ள பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே எங்கே வாங்குவது? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி எவ்வளவு?

திருச்சி சின்னக்கடைத் தெரு, என்.எஸ்.பி. ரோடு, தஞ்சாவூர், கும்பகோணம் கடைவீதிகளில் பொம்மைக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சேகரிப்பாளர்களுக்கான வரிசைகள் அங்கே எப்போதாவதுதான் தலைகாட்டும். பெரும்பாலும் ஆன்லைன்தான் வழி. இல்லாவிட்டால் சென்னை. 2024 பிப்ரவரி முதல் சென்னையிலும் காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர் விழா) நடக்கிறது, அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டு வரிசைகள் கடைகளில் அருகிப்போனதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள்.

தனியாக வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கட்டணமும் சேர்ந்த மதிப்புக்குப் போடப்படும்.  அதனால் ஒன்றிரண்டாக வரவழைப்பது கட்டுபடியாகாது. ‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்வதிலும் பயனில்லை, பரிசுகளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆதாரோ பானோ கேட்டு கூரியர் நிறுவனம் செய்தி அனுப்பும். பதில் தாமதமானால் பார்சல் கிடப்பில் கிடக்கும்.

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டு தெரியும்படி வைத்து, வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். உடைந்து வந்தால் உங்கள் பக்கம் பேசும் ஆதாரம் அது ஒன்றுதான்.

திருவிழாக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைப்பது அசலா?

இல்லை. வேளாங்கண்ணித் திருவிழாவிலும் நாகூர் கந்தூரியிலும் விரியும் கடைகளில் தொங்குபவை போலிகள். பெட்டியோடு ஆன்லைனில் விற்கும் போலிகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வரிசையாகப் பாருங்கள்.

உள்ளங்கால், தொடையின் பின்புறம், முதுகு, இவற்றில் எங்காவது உரிமை கொண்ட நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பொடி எழுத்தில் அச்சில் வார்த்திருக்கும். போலியில் அது மழுங்கியிருக்கும் அல்லது வழித்துவிட்டிருப்பார்கள். உயரத்தை அளந்து பாருங்கள். அசலை வைத்து அச்சு எடுக்கும்போது வார்ப்பு ஆறிச் சுருங்குவதால் போலி சில மில்லிமீட்டர் குட்டையாகவே வரும். கண்ணின் கருவிழியைப் பாருங்கள். அசலின் அண்மைக்கால முகங்கள் பொடிப் புள்ளிகளாக அச்சடிக்கப்பட்டவை, லென்ஸில் புள்ளி தெரியும். போலியில் தூரிகையோ ஸ்டென்சிலோ இழுத்த கோடு இருக்கும். பெட்டியைத் திறந்ததும் பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்து, ஒரு நாள் காற்றாட வைத்தும் போகவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

போலியின் பெயிண்டிலும் பிளாஸ்டிக்கிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு இடம் வேண்டாம்.

புதிதாகப் பிரித்தேன், முழங்கால் அசையவே இல்லை. திருகலாமா?

திருகாதீர்கள். புது ஃபிகரில் மூட்டு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் பெயிண்ட். மூட்டைப் பொருத்தும்போது முழுதாகக் காயாத பெயிண்ட் இரு பரப்புகளையும் ஒட்டிவிடுகிறது. பலமாகத் திருகினால் ஒட்டு விடாது, உள்ளிருக்கும் முளைதான் முறியும்.

மூன்று டம்ளர் கொதிக்கும் நீரில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய 80 டிகிரி இருக்கும். மூட்டு மட்டும் முழுகும்படி ஒரு நிமிடம் பிடித்து, எடுத்து, மூட்டுக்கு இருபுறமும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். வரவில்லையானால் இன்னொரு நிமிடம். அசைந்தவுடன் பத்துப் பதினைந்து முறை மடக்கி நீட்டுங்கள், ஒட்டியிருந்த பெயிண்ட் துகள் வெளியே வந்துவிடும். பிறகு குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் பிளாஸ்டிக் இறுகும். நாகை, வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கேன் தண்ணீரே நல்லது. உலோக முளை உள்ள பழைய ஃபிகர்களை உடனே துடைத்து ஃபேனுக்கு அடியில் காயவையுங்கள், இல்லாவிட்டால் துருவேறும். பேட்டரி, விளக்கு, கம்பி தைத்த துணி உள்ளவற்றைத் தண்ணீரில் விடவே கூடாது. அவற்றுக்கு ஹேர் டிரையர்.

அசைவு வந்தும் கிறீச்சிட்டால் ஒரு குண்டூசி முனையில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் போதும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருநீக்கி ஸ்பிரே எதுவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய்கள் ஏபிஎஸ், பாலிகார்பனேட் ஆகிய கடின பிளாஸ்டிக்குகள் இரண்டிலும், அழுத்தம் உள்ள இடத்தில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். அன்று தெரியாது, சில வாரம் கழித்து மூட்டு கையோடு வரும்.

மூட்டு லூஸாகி ஃபிகர் தொய்ந்து விழுகிறதே?

பந்து மூட்டானால் கழற்றி, பந்தின் மேல் வெள்ளை ஃபெவிகாலை மிக மெல்லிய பூச்சாகத் தடவி, முழுதாகக் காயவிட்டு, பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஒரு நாள் காயவிடுவது போதாது, இரண்டு நாள் விடுங்கள். பிடிக்காவிட்டால் வெந்நீரில் கழுவினால் போய்விடும். நகப்பாலிஷ், சூப்பர் குளூ என்று பலரும் சொல்வார்கள். நகப்பாலிஷிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும், சூப்பர் குளூ தவறினால் திரும்ப வழியில்லை.

கணுக்கால் வளைந்து முன்புறம் சாய்வது வேறு பிரச்சினை. அது மூட்டின் தவறு அல்ல. மென்மையான பிவிசி பிளாஸ்டிக், மேல் பாரத்தில், சித்திரை வைகாசி வெப்பத்தில் மெல்ல இளகுவதால் வருவது. வெந்நீரில் நிமிர்த்தி, குளிர்நீரில் இறுக்கி, அதன்பின் இடுப்பைப் பிடிக்கும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெரிய இறக்கை, கனத்த கேப் (முதுகில் தொங்கும் மேலங்கி) உள்ளவற்றுக்கு முதல் நாளிலிருந்தே ஸ்டாண்ட் தேவை.

என் ஃபிகர்கள் பிசுபிசுக்கின்றன. ஈரமா?

ஈரம் அல்ல. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மேற்பரப்புக்குக் கசிகிறது. வெப்பம் அதைத் தூண்டும். காற்றுப் போகாத பெட்டி அதை வெளியேற விடாமல் ஃபிகர் மேலேயே படியவைக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஃபேனில் ஒரு நாள் காயவையுங்கள். பவுடர் தூவினால் அது எண்ணெயோடு சேர்ந்து பசையாகும். சில மாதங்களில் மறுபடி கசியலாம், மறுபடி கழுவுங்கள்.

டெல்டாவின் சிக்கலே இதுதான். பூஞ்சையைத் தடுக்க மூடி வைக்க வேண்டும். பிசுபிசுப்பைத் தடுக்கத் திறந்து வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியால் தீர்க்க முடியாது. காலத்தைப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

காட்சிக்கு இருப்பவற்றைக் கண்ணாடிக் கதவு அலமாரியில் வையுங்கள். பின்பலகையில் விரல் நுழையும் அளவு நாலைந்து துளை போட்டு, கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். பல்லி உள்ளே போய் முட்டையிடாது, காற்று போய்வரும். அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஐந்து செ.மீ. இடைவெளி விடுங்கள். ஓதம் ஏறும் சுவரில் அலமாரியே வேண்டாம், உள்சுவருக்கு மாற்றுங்கள்.

எடுத்து வைப்பவற்றை ஐப்பசி பிறக்குமுன் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குங்கள். 30 லிட்டர் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும், நிறம் மாறும் வகையாக இருக்கட்டும். நீலம் இளஞ்சிவப்பானால், ஆரஞ்சு பச்சையானால் மாற்ற வேண்டும். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் ஓவனில் காயவைக்காதீர்கள். ஆரஞ்சு வாங்கினால் நல்லது. 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். திறந்த ஷோகேஸில் சிலிக்கா ஜெல் போடுவது வீண். ஊரிலுள்ள ஈரம் முழுவதையும் அது உறிஞ்ச முடியாது, ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும்.

தை பிறந்ததும் பெட்டிகளைத் திறந்து, நிழலில், ஃபேன் காற்றில் ஒரு பகல் ஆறவிட்டு, துடைத்து, பிறகு மூடியைத் தளர்த்தியே வையுங்கள். கோடையில் பரண் கூடவே கூடாது. ஒரு சிறு ஈரமானி வாங்கி அலமாரிக்குள் வைத்தால் ஊகம் தேவையில்லை, 45 முதல் 55 சதவீதம் நல்லது.

பாச்சை உருண்டை போடலாமா?

கூடவே கூடாது. நாஃப்தலீன் ஆவி பிளாஸ்டிக்குக்குள் இறங்கி அதை இளக்கும். உருண்டை தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் குழி விழும், பெயிண்ட் எழும்பும். கற்பூரமும் அப்படியே. பாச்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் வசம்புத் துணிமுடிச்சு கட்டிப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். அதைவிட முக்கியம், பெட்டி இடுக்கில் அட்டைத் துண்டும் பசையும் சேர விடாதது.

எதில் சுற்றி வைப்பது?

கொலு பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றும் பழக்கம் இங்கே தொடர வேண்டாம். மண்பொம்மைக்கு அது சரி. பிவிசி அச்சு மையை உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளைக் கவசத்தில் தலைப்புச் செய்தி தலைகீழாகப் பதிந்தால் எந்தத் திரவத்துக்கும் போகாது. வெள்ளை டிஷ்யூ தாளோ துவைத்த பழைய வெள்ளை வேட்டியோ சரி. ஒவ்வொன்றையும் தனித்தனி பாலிதீன் ஜிப் கவரில் போடலாம். வளையல் பை போன்ற பளபளப்பான தடித்த பிவிசி பை வேண்டாம். பிவிசியும் பிவிசியும், பிவிசியும் ஏபிஎஸ்ஸும் மாதக்கணக்கில் ஒட்டியிருந்தால் ஒன்றின் எண்ணெய் மற்றதை இளக்கும். துப்பாக்கி, வாள் போன்றவற்றைக் கையில் மாட்டியபடி எடுத்து வைக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ரப்பர் பேண்ட் எப்போதும் கூடாது.

வெள்ளை ஃபிகர் மஞ்சளாகிவிட்டது. வெளுக்க முடியுமா?

ஹைட்ரஜன் பெராக்சைடு திரவத்தில் அமிழ்த்தி வெயிலில் வைக்கும் முறை உண்டு. வெளுக்கும். ஆனால் திட்டுத் திட்டாகலாம், பெயிண்ட் மங்கலாம், நாளாவட்டத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம். பெயிண்ட் இல்லாத ஒற்றை நிறத் துண்டுகளுக்கு மட்டும் செய்யுங்கள். மஞ்சளாவதற்குப் பெரிய காரணம் புற ஊதாக் கதிர். கிழக்கு, மேற்கு ஜன்னல் வெயில் படாத இடமே பாதி மருந்து.

நவராத்திரியில் கொலுப்படியில் வைக்கலாமா?

தாராளமாக. தஞ்சாவூர்த் தலையாட்டிக்குப் பக்கத்தில் விண்வெளி வீரன் நிற்பதை வருகிறவர்கள் ரசிக்கவே செய்கிறார்கள். படியின் ஓரங்களில், கீழிருந்து இரண்டு மூன்றாம் படியில், தனித் தொகுப்பாக வையுங்கள். குத்துவிளக்கிலிருந்து இரண்டடி தள்ளியே இருக்கட்டும், எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் பழுப்புப் படலமாகப் படியும். குங்குமமும் மஞ்சளும்தான் பெரிய ஆபத்து. அவற்றின் சாயம் பிவிசிக்குள் ஊறிவிடும், துடைத்தால் பரவும். ஃபிகர்களுக்குப் பொட்டு வைக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் விலை ஏறுமா?

எல்லாவற்றுக்கும் ஏறாது. பிரபலமான பாத்திரங்கள் மறுபடி மறுபடி வெளிவருகின்றன. முந்தைய பதிப்பின் விலை அதோடு இறங்கும். நம் ஈரத்தில் அட்டை அலைபோல் வளைந்து, பிளிஸ்டர் (முன்புற பிளாஸ்டிக் உறை) பசை விட்டு, பெட்டிக்குள் ஃபிகர் பிசுபிசுத்து நிற்கும்போது ‘புத்தம் புதிது’ என்ற மதிப்பும் மிஞ்சாது. பிரித்து, தொட்டு, நிறுத்திப் பார்ப்பதற்காக உருவானது இது. பிரியுங்கள். பெட்டி வேண்டுமென்றால் பசை இடங்களைப் பிரித்துத் தட்டையாக மடித்து ஃபைலில் வையுங்கள்.

விமர்சனம் எழுத ஆசை. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

படிப்பவர் உங்கள் விமர்சனத்தை நம்பிப் பணம் போடப் போகிறார். ஆகவே பாத்திரத்தின் கதையைச் சுருக்குவதில் பாதிப் பக்கத்தைச் செலவழிக்காதீர்கள், அது அவருக்குத் தெரியும். தெரியாதது இந்தத் துண்டு பிளாஸ்டிக்.

உயரத்தைச் செ.மீ.யில் சொல்லுங்கள். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை. கொம்பு, கிரீடம் சேர்க்காமல். கொடுத்த விலையையும் வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். பெட்டியில் உள்ள உதிரிகளை ஒன்று விடாமல் எண்ணி எழுதுங்கள். செகண்ட் ஹேண்டாக வாங்குபவர் குறைகிறதா என்று பார்ப்பது அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

மூட்டுகளின் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போடுவது விளம்பரக்காரர் வேலை. முப்பது மூட்டு இருந்தும் தோள் கவசம் இடித்துக் கை பக்கவாட்டில் எழும்பவில்லை என்றால் அந்த எண் எதற்கு? மாறாக, ஐந்து நிலைகளில் நிறுத்திப் பாருங்கள்: கைகட்டி நிற்பது, ஒரு முழங்கால் தரையில் பட மண்டியிடுவது, ஒற்றைக் காலில் ஸ்டாண்ட் இல்லாமல் நிற்பது, ஆயுதத்தை இரு கையாலும் பிடிப்பது, பறக்கும் பாத்திரமானால் குப்புறக் கிடந்து தலையை நிமிர்த்தி நேரே பார்ப்பது. கடைசிச் சோதனையில்தான் பல விலையுயர்ந்த ஃபிகர்கள் தோற்கின்றன. நீண்ட தலைமுடியோ கேப்பின் காலரோ பிடரியில் முட்டும்.

எழுதும்போது, ‘மூட்டுகள் அருமை’ என்று விடாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘முழங்கை இரட்டை மூட்டு, 150 டிகிரி மடங்குகிறது, முஷ்டி தோளைத் தொடுகிறது. மடக்கும்போது முன்கைக் கவசத்தின் விளிம்பு மேற்கையின் பெயிண்டை உரசுகிறது; இருபது முறைக்குப் பின் வெள்ளைக் கோடு தெரிகிறது.’ இதைப் படித்தவருக்கு வாங்கலாமா என்று மட்டுமல்ல, வாங்கினால் எந்தப் பக்கம் கவனமாக மடக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பெயிண்ட்டை முதலில் 30 செ.மீ. தூரத்திலிருந்து வெறுங்கண்ணால் பாருங்கள், பிறகு லென்ஸில். லென்ஸில் மட்டும் தெரியும் குறையைப் பெரிதுபடுத்த வேண்டாம். கருவிழி இரண்டும் ஒரே திசையில் பார்க்கின்றனவா, சின்னத்தின் ஓரம் வழிந்திருக்கிறதா, தோல் நிறத்தில் வார்த்த கையும் தோல் நிறம் பூசிய முகமும் ஒத்துப்போகின்றனவா என்பவைதான் முக்கியம். உங்கள் கைக்கு வந்த ஒன்றின் குறை தொழிற்சாலைத் தற்செயலாக இருக்கலாம். முடிந்தால் இன்னொருவரிடம் உள்ளதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்; முடியாவிட்டால் ஒன்றை மட்டும் பார்த்ததாகச் சொல்லுங்கள்.

இங்கிருந்து எழுதுபவர்கள் வேறு யாரும் தராத ஒன்றைத் தர முடியும். முதல் நாள் எழுதுங்கள், ஒரு மாதம் கழித்து மூட்டு இறுக்கத்தைச் சேருங்கள், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தபின் பிசுபிசுப்பு, சாய்வு, துணி, பெயிண்ட் நிலையைச் சேருங்கள். சென்னை, கொச்சி, கொழும்பு என ஈரக்காற்று வீசும் எந்த ஊர்க்காரருக்கும் அந்தக் கடைசிப் பத்திதான் பொக்கிஷம்.

நட்சத்திர மதிப்பெண் போடலாமா?

போடாமல் இருப்பதே மேல். ஓர் எண் இருந்தால் மற்றதை யாரும் படிப்பதில்லை. ‘இந்த விலைக்கு வாங்கலாம், இதற்கு மேல் வேண்டாம்’ என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள், அது பயன்படும். ஃபிகரை இலவசமாகப் பெற்றோ இரவல் வாங்கியோ விமர்சித்தால் முதல் வரியிலேயே தெரிவியுங்கள்.

புகைப்படத்துக்கு என்ன தேவை?

போன் போதும். வெள்ளை சார்ட் தாளைச் சுவரிலிருந்து மேசை வரை மடிப்பில்லாமல் வளைத்து ஒட்டி, வடக்கு ஜன்னல் அருகே வையுங்கள். எதிர்ப்புறம் ஒரு தெர்மோகோல் பலகை நிறுத்தினால் நிழல் இளகும். கேமராவை ஃபிகரின் மார்பு உயரத்துக்கு இறக்குங்கள், சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். நெருங்கி எடுத்தால் தலை பெருத்துத் தெரியும். முன், பின், இரு பக்கம், முகம், உதிரிகள், பிறகு எல்லோருக்கும் தெரிந்த வேறொரு ஃபிகர் பக்கத்தில். அழகூட்டும் ஃபில்டர் எதுவும் வேண்டாம், நிறம் பொய் சொல்லும்.

பரணில் பழைய ஜி.ஐ. ஜோ கிடைத்தது. கால்கள் தனியாக வந்துவிட்டன. தூக்கிப் போடவா?

போடாதீர்கள். எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், இந்தியாவிலேயே 3¾ அங்குல ஜி.ஐ. ஜோக்களைத் தயாரித்தது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கைகள் அவற்றில் இருப்பதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள்.

கால் கழன்றதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மட்கி அறுந்ததுதான். முதுகிலுள்ள திருகைப் பொருத்தமான சிறு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். முனை பொருந்தாவிட்டால் திருகின் தலை தேய்ந்துவிடும். மார்பு முன்பாதி பின்பாதியாகப் பிரியும், கைகளும் தலையும் தளரும். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கால்களுக்கு நடுவேயுள்ள உலோகக் கொக்கியில் புது வளையத்தை மாட்டி, இடுப்புத் துண்டின் துளை வழியே மேலே இழுத்து, மார்புக்குள் திருகு செல்லும் தூணில் போடுங்கள். பிறகு தலையையும் கைகளையும் அமர்த்தி, மூடி, திருகுங்கள். திருகு பிடித்ததும் நிறுத்திவிடுங்கள்.

வளையம் தடித்தோ சிறுத்தோ இருந்தால் இழுவை அதிகமாகி இடுப்புத் துண்டின் கவட்டையில் விரிசல் விடும், அதை ஒட்டி மீட்க முடியாது. பழைய வளையத்தின் துண்டு கிடைத்தால் அதன் தடிமனை அளந்து, அதையே கொண்டுபோய் மோட்டார் உதிரிக் கடையில் கேளுங்கள். துப்பாக்கியைக் கையில் திணிக்குமுன் கட்டைவிரலை வெந்நீரில் இளக்கிக்கொள்ளுங்கள். பழைய பிளாஸ்டிக்கில் முதலில் உடைவது அந்தக் கட்டைவிரல்தான்.